அடிக்கடி ரீஸ்டார்ட் ஆன எடிட்டிங் சிஸ்டம்: ஒன்றல்ல, இரண்டு கோளாறுகள்

சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் "விண்டோஸ் போட்டுப் பார்த்துடலாம்" என்பதுதான். தயவுசெய்து அதற்கு உடனே சரி சொல்லிவிடாதீர்கள். பார்மட் அடித்தால் சில சமயம் சரியாகும், மறுக்கவில்லை. ஆனால் கோளாறு ஹார்டுவேரில் இருந்தால் பார்மட்டால் ஒன்றும் ஆகாது. அதோடு, சிஸ்டம் எப்போதெல்லாம் விழுந்தது, எந்த எண்ணைக் காட்டிவிட்டு விழுந்தது என்று விண்டோஸ் அதுவரை எழுதி வைத்திருந்த தடயம் எல்லாம் அழிந்துவிடும். எங்கள் ஸ்டூடியோ சிஸ்டத்தில் கடைசியில் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது அந்தத் தடயமும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விழுப்புரத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். சிஸ்டம் சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்தது. ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசஸர், 16 ஜிபி ராம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்.எம்.பி.எஸ் (கரண்ட்டை சிஸ்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை). ஸ்டூடியோவில் முன்பிருந்தே இருந்த 600 விஏ யு.பி.எஸ்ஸில் இணைத்திருந்தோம். சில வருடங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒரு ஆவணி மாதம், முகூர்த்தம் வரிசையாக இருக்கும்போது, ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டால் பாதியில் விழ ஆரம்பித்தது. ஒருநாள் ப்ளூ ஸ்கிரீன், இன்னொரு நாள் ஒன்றுமே காட்டாமல் சட்டென்று ரீஸ்டார்ட், நடுவில் சில நாட்கள் நன்றாகவே ஓடும். இப்படி ஓடும் நாட்கள்தான் ரொம்பக் குழப்பின, ஏனென்றால் அதற்கு முந்தைய நாள் எதை மாற்றினோமோ அதுதான் சரி செய்தது என்று நம்பிவிடத் தோன்றும்.

சிஸ்டம் விழுகிறது என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் விழும் விதங்கள் வேறு வேறு. எண்ணோடு ப்ளூ ஸ்கிரீன் வந்தால் விண்டோஸே ஏதோ ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டது என்று அர்த்தம். (விண்டோஸ் 11இல் 2025இல் வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு அந்தத் திரை நீலம் போய்க் கறுப்பாகிவிட்டது, எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.) கரண்ட் போன மாதிரி சட்டென்று அணைந்து தானாக மறுபடி எழுந்தால் விண்டோஸுக்கே என்ன நடந்தது என்று தெரியவில்லை, மின்சாரம் பக்கம் சந்தேகம் அதிகம். திரை உறைந்து, பாட்டு ஒரே இடத்தில் ர்ர்ர் என்று சுற்றிக்கொண்டிருந்தால் அது ஹேங். திரை மட்டும் கறுத்து, ஃபேன் ஓடிக்கொண்டு, சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தால் கிராபிக்ஸ் கார்டையோ அதன் டிரைவரையோ (கார்டை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) முதலில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சாஃப்ட்வேர் மட்டும் மூடிக்கொண்டால் அது பெரும்பாலும் அந்த சாஃப்ட்வேரின் பிரச்சினை, பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், கெட்ட ராமும் இதைச் செய்யும்.

அதனால் சிஸ்டத்தைக் கழற்றுவதற்கு முன்னால் இந்த விதங்களைப் பிரித்து எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, எப்படி விழுந்தது, எண் ஏதாவது வந்ததா, அதற்கு முன்னால் எதையாவது மாற்றியிருந்தோமா. இவ்வளவுதான். நேரத்தையும் எழுதுவது அநாவசியம் போலத் தோன்றும், ஆனால் பாதி விடை அந்தக் கட்டத்தில்தான் இருந்தது, பின்னால் சொல்கிறேன்.

விண்டோஸில் முதலில் செய்ய வேண்டியது, ப்ளூ ஸ்கிரீன் வந்தவுடன் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துவது. சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போனால் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்று இருக்கும், அதில் ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இனி ப்ளூ ஸ்கிரீன் வந்தால் அப்படியே நிற்கும், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். இதைச் செய்த பிறகும் திரையில் ஒன்றும் வராமல் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் அது ப்ளூ ஸ்கிரீன் வகை அல்ல என்பது கிட்டத்தட்ட உறுதி. ஒரு டிக்கை எடுத்ததில் எங்கள் கோளாறு இரண்டாகப் பிரிந்தது.

அடுத்து ஈவென்ட் வியூவர், விண்டோஸ் எழுதி வைக்கும் பதிவுகளைக் காட்டும் கருவி. அதில் விண்டோஸ் லாக்ஸுக்குள் சிஸ்டம் என்ற பகுதியைத் திறந்தால் ஒவ்வொரு முறை விழுந்ததற்கும் சிவப்புக் குறியோடு கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். நிறைய பேர் இதைப் பார்த்தவுடன் "பவர் என்று போட்டிருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. 41 என்பது, போன முறை சிஸ்டம் முறைப்படி ஷட் டவுன் ஆகவில்லை என்று விண்டோஸ் எழுந்த பிறகு எழுதும் குறிப்பு மட்டுமே. ப்ளூ ஸ்கிரீன் வந்து விழுந்தாலும் அதுதான் வரும், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதுதான் வரும். அதற்குள் டீட்டெயில்ஸ் பகுதியில் பக்செக் கோட் என்று ஒரு வரி இருக்கிறது, பார்க்க வேண்டியது அதைத்தான். அதில் 0 என்றிருந்தால் ப்ளூ ஸ்கிரீன் பதிவாகவில்லை, மின்சாரம் வெட்டுப்பட்டதோ முழுசாக உறைந்ததோதான் நடந்திருக்கிறது. வேறு எண் இருந்தால் அது ப்ளூ ஸ்கிரீன் எண், ஆனால் சாதாரணத் தசம எண்ணாக இருக்கும். ப்ளூ ஸ்கிரீனில் காட்டுவது பதினறும எண். இங்கே 292 என்று இருந்தால் அங்கே 124, இங்கே 26 என்றால் அங்கே 1ஏ. இதைத் தெரிந்துகொள்ளாமல் 292ஐத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

எங்கள் பதிவுகளில் இரண்டும் கலந்து இருந்தன. சில பதிவுகளில் 0, மற்றவற்றில் எண்கள், அந்த எண்களும் ஒன்று போல இல்லை. மெமரி மேனேஜ்மென்ட் என்று ஒருமுறை, பேஜ் ஃபால்ட் என்று ஒருமுறை, ஐ.ஆர்.க்யூ.எல் என்று தொடங்கும் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவர் பெயரோடு விழுந்தால் அந்த டிரைவரைப் பிடிக்கலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு ப்ளூ ஸ்கிரீனுக்கும் ஒரு சின்ன ஃபைல் சேமிக்கப்படும், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபிஜி என்ற மென்பொருளில் அதைத் திறந்தால் எந்த டிரைவர் ஓடும்போது விழுந்தது என்று காட்டும். எங்களுடையதில் ஒவ்வொரு ஃபைலும் ஒவ்வொரு பெயரைச் சொன்னது. இப்படி எண்ணும் பெயரும் மாறிக்கொண்டே இருந்தால் முதலில் ராமைச் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் எல்லா மென்பொருளும் ராமில்தான் உட்கார்ந்திருக்கிறது, கெட்ட இடத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் பழி அவர்மேல் விழும்.

திரையில் வரும் வாசகத்தை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு பெரிய உதாரணம் உண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் வந்த கோளாறில் நிறைய பேருக்கு கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்றுதான் செய்தி வந்தது. கிராபிக்ஸ் கார்டை மாற்றியவர்கள் எவ்வளவு பேரோ. கடைசியில் ப்ராசஸருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்க்கொண்டிருந்ததுதான் காரணம் என்று 2024இல் இன்டெல்லே சொல்லி, மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டித்தது. அந்த ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸ் (மதர்போர்டிலேயே இருந்து சிஸ்டத்தை எழுப்பும் மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ராம். கடையில் கொண்டுபோனபோது ராமைக் கழற்றி, ஸ்லாட்டில் செருகும் அதன் காலை ரப்பரால் துடைத்து, மறுபடி மாட்டிக் கொடுத்தார்கள். சில நாள் நன்றாக இருந்தது. அழுக்குப் படிந்த காலைத் துடைப்பதில் தப்பில்லை, ஆனால் அது சோதனை ஆகாது. விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கும் போதாது, மேலோட்டமான கோளாறைத்தான் பிடிக்கும். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டு, அந்தப் பென்டிரைவிலிருந்து சிஸ்டத்தை பூட் செய்தால் விண்டோஸ் இல்லாமலே ராம் முழுவதையும் சோதிக்கும். 32 ஜிபி என்றால் ஒரு சுற்று முடியவே வெகுநேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்ப்பதுதான் வழி. குறைந்தது நான்கு சுற்றாவது ஓடட்டும். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் அது தோல்விதான், "ஒண்ணுதானே வந்திருக்கு" என்று விட்டுவிடக்கூடாது. எங்களுக்குக் காலையில் திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

ஆனால் சிவப்பைப் பார்த்தவுடன் ராம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யவும் முடியாது. ராமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட வைக்க பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வசதியை ஆன் செய்திருப்போம். அது கிட்டத்தட்ட ஓவர்க்ளாக்கிங்தான், அதாவது அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. எங்கள் ராம் 3600 வேகம், ஆனால் அந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் உச்சம் 3200. எக்ஸ்எம்பியை ஆஃப் செய்துவிட்டு மறுபடி சோதித்து, எர்ரர் போய்விட்டால் ராம் நல்லதாகவே இருக்கலாம், வேகத்தை ஒரு படி குறைத்தால் போதும். செலவே இல்லாத தீர்வு அது. எங்களுக்கு ஆஃப் செய்த பிறகும் எர்ரர் வந்தது. அடுத்து ஒரு ராமை மட்டும் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் மாட்டிச் சோதனை, பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்த ராம். ஒன்று சுத்தமாகத் தேறியது. இன்னொன்று எந்த ஸ்லாட்டில் போட்டாலும் எர்ரர். ஸ்லாட்டையும் மாற்றிப் பார்ப்பது எதற்கென்றால், கெட்டது ராமா மதர்போர்டா என்று பிரிக்க வேறு வழியில்லை.

ராமுக்குப் பல நிறுவனங்கள் பத்து வருடமோ ஆயுட்காலமோ உத்தரவாதம் தருகின்றன. ஜோடியாக வாங்கிய ராம் என்றால் பெரும்பாலும் ஜோடியாகவே திருப்பிக் கேட்பார்கள், அதனால் பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். மெம்டெஸ்ட் திரையைப் போட்டோ எடுத்துக் காட்டினேன், சர்வீஸ் சென்டரில் கேள்வியே கேட்கவில்லை. இரண்டையும் அனுப்பிவிட்டு மாற்று வரும்வரை ஒரு நண்பரிடமிருந்து இரவல் வாங்கிய ராமை மெம்டெஸ்டில் தேறவைத்துப் போட்டு ஓட்டினேன்.

ப்ளூ ஸ்கிரீன் அடியோடு நின்றுவிட்டது. ரீஸ்டார்ட் நிற்கவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். "ராம்னு சொன்னாங்க, மாத்தியாச்சு, இன்னும் விழுது, அப்ப ராம் இல்ல" என்று மறுபடி முதலிலிருந்து குழம்புவார்கள், அல்லது மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு என்று விலை அதிகமானவற்றை வரிசையாக மாற்ற ஆரம்பிப்பார்கள். எங்களிடம் நோட்டு இருந்ததால் அந்தக் குழப்பம் வரவில்லை. எண்ணோடு விழும் வகை முழுசாக மறைந்துவிட்டது, 0 வகை மட்டும் அப்படியே இருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதாவது ஒரே உடம்பில் இரண்டு நோய், ஒன்றுக்கு மருந்து கொடுத்தாகிவிட்டது, அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

நேரக் கட்டம் இப்போது பேச ஆரம்பித்தது. மீதி இருந்த ரீஸ்டார்ட் எல்லாம் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான், அதுவும் ரெண்டர் ஓடும்போதுதான். பகலில் ஓசிசிடி என்ற மென்பொருளில் ப்ராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஒன்றாக முழுச்சுமையில் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. சூடு காரணமோ என்று ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பநிலையைப் பதிவு செய்தும் பார்த்தோம். அந்த ப்ராசஸருக்கு எல்லை 95 டிகிரி, எங்களுடையது அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. பொதுவாக ப்ராசஸர் சூடானால் முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும், நேராக அணைவது கடைசிக் கட்டம், அதனால் சூடு என்பதைச் சீக்கிரமே ஒதுக்கினேன். எஸ்.எஸ்.டியின் உடல்நிலையை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நல்லது என்றது. கிராபிக்ஸ் டிரைவரை டி.டி.யு என்ற மென்பொருளைக் கொண்டு சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போட்டும் மாற்றமில்லை.

அப்புறம் ஒரு சோதனை, இதை எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன், பைசா செலவில்லை. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கினேன். 3070 கார்டு முழுச்சுமையில் 220 வாட் எடுக்கும், அதை 150 பக்கம் கொண்டுவந்தால் ரெண்டர் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். சாயங்கால ரீஸ்டார்ட் வெகுவாகக் குறைந்தது. சுமையைக் குறைத்தால் விழுவது குறைகிறது என்றால் மின்சாரம் வரும் பாதையில் ஏதோ இருக்கிறது. கார்டுக்குப் போகும் கேபிளையும் பார்த்தேன், ஒரே கேபிளில் இரண்டு முனை தொங்கும் வகையில் மாட்டியிருந்தது, எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் எடுத்து மாட்டினேன். இப்படி இரண்டு முனை கேட்கும் பெரிய கார்டு எதுவானாலும் அப்படி மாட்டுவதுதான் நல்லது. ஆனால் எங்கள் ரீஸ்டார்ட்டுக்கு அது காரணமில்லை.

விடையைச் சொன்னது ஸ்டூடியோவில் ஆல்பம் வேலை பார்க்கும் தம்பி. "அண்ணே, ரீஸ்டார்ட் ஆகறப்பெல்லாம் கீழ டக்குனு ஒரு சத்தம் வருது, கவனிச்சீங்களா?" யு.பி.எஸ் சத்தம். அன்று சாயங்காலம் மேசைக்கடியிலேயே காதை வைத்துக்கொண்டு ரெண்டர் போட்டோம். டக். ரீஸ்டார்ட். மானிட்டர் அதே யு.பி.எஸ்ஸில்தான் இருக்கிறது, அது அணையவே இல்லை. ஆக யு.பி.எஸ் முழுசாக அணையவில்லை, ஒரு கண நேரம் மட்டும் ஏதோ நடக்கிறது.

மல்டிமீட்டரை வைத்து ப்ளக் பாயின்ட்டில் பார்த்தால் பகலில் 230 பக்கம் நிற்கும் வோல்டேஜ், தெருவில் எல்லா வீட்டிலும் ஏசியும் விளக்கும் போட்ட பிறகு 190க்கும் கீழே இறங்கி ஏறி ஆடிக்கொண்டிருந்தது. நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு இந்த லோ வோல்டேஜ் ஒரு பிரச்சினையே இல்லை, 100 முதல் 240 வோல்ட்வரை எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும் என்று அதன் லேபிளிலேயே போட்டிருக்கும். பிரச்சினை நடுவில் இருக்கும் யு.பி.எஸ்ஸில். வோல்டேஜ் இறங்கினால் அதைத் தூக்கிக் கொடுக்கவோ பேட்டரிக்கு மாறவோ அது உள்ளே ரிலே என்ற மின் ஸ்விட்சைத் தட்டும், அந்த டக் சத்தம் அதுதான். ரிலே ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும் சில மில்லிசெகண்டுக்கு வெளியே மின்சாரமே இருக்காது. சாதாரணமாக இதை எஸ்.எம்.பி.எஸ் தாங்கிவிட வேண்டும். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் சேர்ந்திருக்கும் சக்தியை வைத்துச் சுமார் 16, 17 மில்லிசெகண்ட் சமாளிக்க வேண்டும் என்பது கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிமுறை. வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்த கெபாசிட்டர் வற்றிப்போனால் இந்தத் தாங்கும் நேரம் சுருங்கிவிடும். சுமை அதிகமானால் இன்னும் சுருங்கும். சும்மா இருக்கும்போது ரிலே எத்தனை முறை தட்டினாலும் தாங்கியது, ரெண்டர் ஓடும்போது தட்டினால் விழுந்தது. பகல் சோதனையில் எல்லாம் தேறியதற்கும் இதுதான் காரணம், பகலில் ரிலே தட்டவே இல்லை.

ஊகம் சரியா என்று பார்க்க இரண்டு சோதனை. யு.பி.எஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் ப்ளக்கில் மாட்டி, சாயங்கால நேரத்தில் ரெண்டர் போட்டோம், கரண்ட் போனால் போகட்டும் என்று முக்கியமில்லாத ஒரு ப்ராஜெக்டை வைத்து. விழவில்லை. அப்புறம் பக்கத்து ஸ்டூடியோ நண்பரின் எஸ்.எம்.பி.எஸ்ஸை வாங்கி மாட்டி, பழையபடி அதே யு.பி.எஸ் வழியாக ஓட்டினோம். டக், டக் என்று சத்தம் வருகிறது, ரெண்டர் நிற்காமல் போகிறது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினோம், அதனால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. இரண்டையும் சேர்த்து மாற்றியிருந்தால் எது நோயாளி என்று இன்றுவரை தெரிந்திருக்காது. இரவல் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: மாடுலர் (கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) எஸ்.எம்.பி.எஸ் என்றால் அதன் கேபிளையும் சேர்த்தே வாங்குங்கள். எஸ்.எம்.பி.எஸ் பக்கம் குத்தும் முனை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை மாடலுக்கு மாடல் மாறும், மாற்றி மாட்டினால் ஹார்டுடிஸ்க் எரிந்துபோகலாம்.

புது எஸ்.எம்.பி.எஸ் 750 வாட் வாங்கினேன். யு.பி.எஸ்ஸையும் மாற்றினேன், ஏனென்றால் 600 விஏ என்பது 600 வாட் இல்லை. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 360 வாட் என்று போட்டிருக்கும். எங்கள் சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து ரெண்டரில் அதைத் தாண்டும், உண்மையாகவே கரண்ட் போன நேரத்தில் அது காப்பாற்றியிருக்காது. இப்போது இருப்பது 1100 விஏ, 660 வாட். வீட்டு இன்வெர்ட்டரில் சிஸ்டம் ஓட்டுபவர்கள் அதன் பின்னால் யு.பி.எஸ் மோடு, நார்மல் மோடு என்று ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். நார்மலில் இருந்தால் மாறும் இடைவெளி அதிகம், ஃபேனுக்கும் லைட்டுக்கும் பரவாயில்லை, சிஸ்டத்துக்கு ஆகாது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள இன்றைய எஸ்.எம்.பி.எஸ்கள் சில அதில் ஒத்துழைக்காது, சைன் வேவ்தான் பாதுகாப்பு.

இவ்வளவு பார்க்கும்போதே எர்த்தையும் பார்த்துவிடுங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுரீர் என்று லேசாக இழுக்கும் அனுபவம் பல வீடுகளில் உண்டு, செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பழகிவிடுகிறார்கள். எர்த் சரியில்லை என்று அர்த்தம் அது. எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டி கெபாசிட்டர்கள் வழியாக மெயின் வோல்டேஜில் கிட்டத்தட்டப் பாதி கேபினட்டில் மிதக்கும், எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எங்கள் கட்டடத்தில் எலெக்ட்ரீஷியன் "எர்த்லாம் போட்டிருக்கு சார்" என்றார், மூணு பின் சாக்கெட்டும் இருந்தது, திறந்து பார்த்தால் பச்சை ஒயர் எங்கேயும் இணைக்கப்படாமல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைச் சரி செய்ததால் ரீஸ்டார்ட் நிற்கவில்லை, ஆனால் சுரீர் நின்றது, கார்டு ரீடர் அவ்வப்போது தொடர்பு அறுந்துபோவதும் நின்றது. இதற்கு எலெக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும், நாமே கை வைக்கக்கூடாது. எஸ்.எம்.பி.எஸ்ஸை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள், ப்ளக்கை எடுத்த பிறகும் அந்தப் பெரிய கெபாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவு மின்சாரம் இருக்கலாம்.

கடையில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்தால், கொடுப்பதற்கு முன் மினிடம்ப் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். நோட்டில் எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். "அடிக்கடி ஆஃப் ஆகுதுண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர்களும் பாவம், பகலில், நல்ல வோல்டேஜில், சும்மா ஆன் செய்து வைத்துவிட்டு "நல்லாத்தானே ஓடுது" என்றுதான் சொல்ல முடியும். எந்த நேரத்தில், எந்தச் சுமையில், எப்படி விழுகிறது என்று சொன்னால் நல்ல டெக்னீஷியன் அங்கிருந்தே பிடித்துக்கொள்வார்.

ரீஸ்டார்ட் நின்ற பிறகு எனக்கு உண்மையான கவலையாக இருந்தது வேறொன்று. கெட்ட ராம் சிஸ்டத்தை விழ வைப்பதோடு நிற்காது. ஃபைல் காப்பி ஆகும்போது தகவல் ராம் வழியாகத்தான் போகிறது, அங்கே ஒரு பிட் புரண்டால் காப்பியான ஃபைலில் அந்தத் தப்பு சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும், விண்டோஸ் ஒரு எச்சரிக்கையும் தராது. நாங்கள் வைத்திருப்பது அடுத்தவர் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியாது. அதனால் ராம் கெட்டிருந்த காலத்தில் காப்பி செய்த ஒவ்வொரு ஃபோல்டரையும் அசலோடு ஒப்பிட்டோம். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளையை ஹேஷ்ஃபைல் என்ற விருப்பத்தோடு கொடுத்தால் ஒரு ஃபைலுக்கு ஒரு நீளமான எண் வரும், அசலுக்கும் காப்பிக்கும் அந்த எண் ஒன்றாக இருந்தால் இரண்டும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. இப்படித் தேடியதில் சில கிளிப்கள் ஒத்துப்போகவில்லை. திறந்து பார்த்தால் நன்றாக ஓடுகிற மாதிரிதான் இருந்தது, நடுவில் எங்கோ ஒரு ஃபிரேமில் பச்சைக் கட்டம் ஒன்று மின்னி மறைந்தது. டெலிவரி முடியும்வரை கேமரா கார்டுகளை அழிப்பதில்லை என்பது எங்கள் ஸ்டூடியோ வழக்கம், அதனால் கார்டிலிருந்து திரும்ப எடுக்க முடிந்தது. ஏற்கெனவே கார்டு அழித்துவிட்ட ஒரு பழைய நிகழ்ச்சிக்கு, இரண்டாவது கேமராவில் அதே நேரத்தில் எடுத்திருந்த காட்சியை வைத்து அந்த இடத்தை நிரப்பினோம்.

மாற்று ராம் வந்தபோது புதுசுதானே என்று நேராக மாட்டிவிடவில்லை. எக்ஸ்எம்பியை ஆன் செய்து, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டி, ஒரு எர்ரரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அதில் வேலையைத் தொடங்கினேன். காப்பி செய்யும் மென்பொருளையும் மாற்றிவிட்டோம், இப்போது வைத்திருப்பது காப்பி முடிந்ததும் ஹேஷ் எண்ணைத் தானே ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் முடிந்தது என்று காட்டும். நேரம் இரண்டு மடங்கு ஆகிறது. ஆகட்டும்.